மல்லிகாவுக்கு, செந்தூலிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? முறுக்கு டின் வந்து சேர்ந்தது. நெட்டை சாருக்கும் பங்கு போயாச்சு, மனிதர் இன்னமும் அந்தக் குடையைப் பற்றித்தான் கேட்கிறார், நீயே பதில் சொல்லிக்கொள். சரி, விஷயத்துக்கு வருகிறேன், இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேலையே ஓடவில்லை.

அக்காவின் சின்னவள், பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாளே, பாடத்துக்கு எழுதிக் கொடுக்கிற இடுபணிக் கட்டுரையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டாள். போன வாரம் விசாரணை. உள்ளே அவள் மட்டும், வெளியே நாற்காலியில் அக்காவும் நானும். அந்தப் பாடத்துக்கு முட்டை போட்டுவிட்டார்கள், ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டிலும் பெயர் ஏறிவிட்டது. அடுத்த தடவை நடந்தால் இடைநீக்கம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

எழுதியதை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற டர்னிடின் மென்பொருளின் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்க சிவப்பும் நீலமும் பச்சையுமாக வண்ணம், ஓரத்தில் எண், எந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. ஆனால் அவளை மாட்டிவிட்டது அது இல்லை. அந்த மென்பொருள் ஒப்புமையைத்தான் காட்டும், திருட்டு என்று தீர்ப்பு சொல்லாது. முறையாக மேற்கோள் குறி போட்டு எடுத்த வரியும், கடைசியில் வருகிற நூற்பட்டியலும்கூட அதில் வண்ணத்தோடு நிற்கலாம். விரிவுரையாளர் பிடித்தது வேறொரு இடத்தில். மூன்றாம் பக்கத்தில் "அட்டவணை 4-இல் காட்டியபடி" என்று ஒரு வரி. இவளுடைய இடுபணியில் ஒரு அட்டவணைகூட இல்லையே! யாரோ எழுதிய கட்டுரையிலிருந்து பத்தியைத் தூக்கும்போது அதுவும் கூடவே வந்துவிட்டது.

ஒரு பாடம்தானே, திரும்ப எடுத்தால் போகிறது என்று முதலில் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. இந்தப் பாடத்தில் தேறினால்தான் அடுத்த பாடம் எடுக்க முடியும், அந்த அடுத்த பாடம் வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும், அது முடிந்தால்தான் தொழிற்பயிற்சி. ஆக மொத்தம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. திரும்ப எடுக்கிற கட்டணம் அத்தான் கைக்காசு. முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடனைக் கட்டவேண்டாம் என்ற சலுகையை நம்பித்தான் இத்தனை நாள் விழுந்து விழுந்து படித்தாள், அந்த ஆசையும் இனி இல்லை.

அத்தானுக்கு ஒரே கோபம், அவள்மேல் இல்லை, பல்கலைக்கழகத்தின்மேல். "கொலையா பண்ணிட்டா? எல்லாப் பிள்ளைங்களும் செய்யறதுதானே" என்று ஒரு மணி நேரம் கத்தினார். நான் விடவில்லை. ஜெர்மனியில் அனெட்டே ஷாவான் என்று ஒரு அம்மா, கல்வி அமைச்சராகவே இருந்தவர். 1980-இல் கொடுத்த ஆய்வேட்டில் பிறர் எழுதியதைச் சொல்லாமல் எடுத்திருக்கிறார் என்று 2013-இல் டூசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தைப் பறித்தது, சில நாளில் பதவியையும் விட்டு இறங்கினார். ஹங்கேரியில் பால் ஷ்மிட் அதிபராக இருந்தபோதே 1992-இல் வாங்கிய பட்டம் 2012-இல் பறிபோனது, அவரும் பதவி விலக வேண்டியதாயிற்று. இருபது, முப்பது வருஷம் கழித்து ஊர் உலகமே பார்க்க இது வெளியே வருவதைவிட, இருபது வயதில் ஒரு பாடத்தோடு போனதே, அதற்கு நன்றி சொல்லுங்கள் என்றேன். அத்தான் பதில் பேசாமல் எழுந்து மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஆனால் மல்லிகா, என்னை உறுத்துவது வேறு. அன்று இரவு அவள் என்னிடம் கேட்டாள், "சின்னம்மா, சொல்லையெல்லாம் மாத்திட்டேனே, அப்புறம் எப்படி அது காப்பி ஆகும்?" நடிப்பு இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கட்டுரையை எடுத்துவரச் சொல்லி, ஒரு பத்தியைப் படிக்கவைத்து, மூடிவிட்டு, இது என்ன சொல்கிறது என்று உன் வாயால் சொல் என்றேன். முழித்தாள். வார்த்தைக்கு வார்த்தை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பத்தியின் பொருள் தெரியவில்லை! நாளைக்கு ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடப்போகிறவள். கணக்காளர்களின் நெறிமுறையில் முதலில் வருவதே நேர்மைதான். விசாரணையிலும் அதைத்தான் கேட்டார்களாம், அங்கேதான் அவள் அழுதிருக்கிறாள்.

டீச்சரம்மா, கோபித்துக்கொள்ளாதே, இதை உன்னிடம்தான் கேட்க முடியும். பள்ளியின் கடைசி வருஷம், படிவம் ஐந்தில் அவளுடைய நோட்டை நீயும் பார்த்திருக்கிறாயே. மலாய்க் கட்டுரை, தமிழ்க் கட்டுரை, எல்லாமே மாதிரிக் கட்டுரைதான், தொடக்கப் பத்தி மனப்பாடம், முடிவுப் பத்தி மனப்பாடம், நடுவில் தலைப்புக்கு ஏற்ப நாலு கருத்தைச் சொருகினால் எஸ்பிஎம் பரீட்சையில் நல்ல மதிப்பெண். அச்சுப் பிசகாமல் ஒப்பித்தவளுக்குக் கைதட்டல்! பதினொரு வருஷம் பிறர் எழுத்தை ஒப்பித்ததற்குப் பாராட்டு வாங்கிய பிள்ளையைப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தி, இனிமேல் அதெல்லாம் குற்றம் என்கிறார்கள். அதையும் யார் உட்காரவைத்துச் சொன்னார்கள்? சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கட்டுப் படிவங்களோடு படிவமாக அதிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்டனை தப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் செய்தது தப்புதான், தண்டனை வேண்டியதுதான். ஆனால் "இது யார் சொன்னது, உனக்கு எப்படித் தெரியும்" என்ற கேள்வியை அவளிடம் யாருமே பள்ளியில் கேட்டதில்லை. உன் வகுப்புப் பிள்ளைகளிடமாவது இந்த வருஷமே கேட்டுப் பழக்கு. ஒரு பத்தி எழுதினாலும் போதும், எங்கே படித்தாய் என்று கீழே ஒரு வரி எழுதச் சொல்.

இன்னொரு பயமும் இருக்கிறது. விசாரணை முடிந்த மறுநாளே யாரோ அவளுக்கு வாட்சாப்பில் விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள், காசு கொடுத்தால் இடுபணி எழுதித் தருவார்களாம், டர்னிடினில் மாட்டாதாம். இதுபோலக் காசுக்கு எழுதி விற்பதை ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. எழுதிக் கொடுத்தவனே பிறகு, இன்னும் பணம் கொடு, இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன் என்று மாணவர்களை மிரட்டிய கதைகளும் உண்டு. நான் பக்கத்தில் நிற்க, அவளே அந்த எண்ணைத் தடை செய்தாள்.

இத்தனைக்கும் மேலே அக்கா ஒரு காரியம் செய்தாள் பார். அந்தப் பாடத்தைக் குறும் பருவத்திலேயே எடுக்க அனுமதி கேட்டு ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் கொடுக்கலாம். கொடுத்தால் அந்த ஒரு வருஷம் மிச்சமாகலாம். "நீதான் நல்லா எழுதுவியே, அதை நீயே எழுதிக் கொடுத்துடு, அவ கையெழுத்துப் போடட்டும்" என்கிறாள்! எதற்காக இந்தப் பிள்ளை தலைகுனிந்து நின்றதோ, அதையே மறுபடியும் செய்யச் சொல்கிறாள் பெற்ற தாய். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

அதனால்தான் சின்னவளை உன்னிடம் அனுப்புகிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்குவாள், ஃபெர்ரி பிடித்துப் பினாங்குக்கு அவளே வந்துவிடுவாள், நீ அலைய வேண்டாம். ஒரு வாரம் இருக்கட்டும். வந்ததும் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, பசியாறக் கொடு, தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போ, அவளாகப் பேசுவாள். மேல்முறையீட்டுக் கடிதத்தை அங்கே உட்கார்ந்து எழுதட்டும், இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். மோசமாகத்தான் எழுதுவாள். நீ படித்துப் பார், கேள்வி கேள், திரும்ப எழுதச் சொல். ஒரு வரிகூட நீ எழுதிக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சரசு