வேட்புமனுவுக்கு முன் ஒரு கடிதம்

பொன்மலை, திருச்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

ஓசூர் மாநகராட்சித் தேர்தலில் உன்னை நிறுத்த வேண்டும் என்று உன் தொழிற்சங்கத்துத் தோழர்கள் கேட்பதாகச் சொன்னாய். "நிற்கட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றாய். நில். ஒரே வார்த்தைதான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே உள்ளதைப் படித்துவிட்டு அப்பா தடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வாய்.

உன் பெரிய மாமாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்கு வந்தவர் நேராக வீட்டுக்கு வந்து, "சங்கம் வேறு, அரசியல் வேறு, ஓசூரில் நல்ல கம்பெனி வேலையில் இருக்கிற பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை?" என்று ஒரு மணி நேரம் பேசினார். காபி குடித்துவிட்டு மறுபடியும் பேசினார். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊரான பொன்மலையில் இருந்துகொண்டு சங்கம் வேறு, அரசியல் வேறு என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். 1962 முதல் 1977 வரை நடந்த நான்கு நாடாளுமன்றத் தேர்தல்களிலும் திருச்சியில் வென்றவர்கள் ஆனந்த நம்பியாரும் எம். கல்யாணசுந்தரமும்தான். இருவருமே ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்கள். 1946ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில், செப்டம்பர் 5ஆம் தேதி, இங்கே சங்கத் திடலில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் கல்யாணசுந்தரம். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் உன் தாத்தாவும் ஒருவர், மாமாவின் அப்பாவும் ஒருவர்.

மாமாவிடம் நான் 1974ஐப் பற்றித்தான் சொன்னேன். அந்த மே மாதம் 8ஆம் தேதி நாடு முழுவதும் ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். போனஸ் கேட்டோம், மற்ற பொதுத்துறை ஊழியருக்கு இணையான சம்பளம் கேட்டோம், எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு எட்டு மணி நேர வேலை கேட்டோம். தொடங்குவதற்கு முன்பே தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸைக் கைது செய்துவிட்டார்கள். நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் சிறையில்; ஊருக்கு ஊர் ரயில்வே காலனிகளில் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 27ஆம் தேதி ஒன்றும் கிடைக்காமல் வேலைநிறுத்தம் முடிந்தது. எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்காத வயது. தோற்றுவிட்டோம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள், நானும் பேசினேன்.

பிறகு என்ன நடந்தது? 1977இல் ஆட்சி மாறியது. வேலை நீக்கம் செய்யப்பட்டவர்களை ஜனதா அரசு திரும்ப எடுத்தது. 1979இல் ரயில்வேக்கு உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ் வந்தது. ஆண்டுதோறும் பூஜை நேரத்தில் அந்தப் பணம் வந்ததும் உனக்கும் தம்பிக்கும் துணி எடுப்போமே, அது ஒர்க்‌ஷாப் கேட் வாசலில் நின்று கேட்டுக் கிடைக்காமல் வாக்குப்பெட்டி வழியாக வந்த பணம். கேட் வாசலில் கேட்டிராவிட்டால் வாக்குப்பெட்டியிலும் வந்திருக்காது என்பது வேறு விஷயம். மாமாவும் அந்த போனஸை வாங்கியவர்தான். அதைச் சொன்னதும் சந்தையில் காய்கறி தீர்ந்துவிடும் என்று கிளம்பிவிட்டார்.

ஆகவே நிற்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வென்ற பிறகு எங்கே உட்காரப் போகிறாய் என்பதுதான் என் கவலை.

இதுவரை நீ மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள். கோரிக்கைப் பட்டியல் உன் கையில், நிர்வாகம் எதிரில், நடுவில் தொழிலாளர் துறை அதிகாரி. மாநகராட்சிக் கூட்ட அரங்கில் போய் உட்கார்ந்தால் நீயே நிர்வாகம். உன் வார்டில் விடிவதற்குள் தெருக்கூட்டும் பெண்களை நினைத்துப் பார். அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? ஒப்பந்தக்காரர் தருகிறார். ஒப்பந்தக்காரருக்கு யார் தருகிறார்கள்? மாநகராட்சி. ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரும் மன்றத்தில் நீயும் ஒரு கை.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்ததை நீயும் பார்த்திருப்பாய். இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலிலேயே இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அந்த இரண்டு மண்டலங்களில் ஒன்று ராயபுரம். இன்னொன்றின் பெயர் திரு.வி.க. நகர்! 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே உழைத்தவர் திரு.வி.க. அவர் பெயரை மண்டலத்துக்கு வைக்க யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. அந்த மாமன்றத்தில் தொழிலாளர்களின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டு வந்தவர்கள் ஒருவர்கூட இல்லையா? இருந்திருப்பார்கள். நாளை ஓசூரில் இப்படி ஒரு தீர்மானம் வந்தால், கட்சியும் கூட்டணியும் "கையைத் தூக்கு" என்றால், நீ என்ன செய்வாய்? அதை இப்போதே யோசித்து வை. அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

இந்த இடத்தில் எனக்கு வி.வி. கிரி நினைவுக்கு வருகிறார். வங்காள–நாகபுரி ரயில்வேயில் சங்கம் கட்டியவர். 1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவை அவருடைய பொப்பிலியிலேயே தோற்கடித்தவர். 1952இல் நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். 1954இல் வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்ததை அரசு குறைத்தபோது, அந்த முடிவோடு ஒத்துப்போக முடியாது என்று பதவியை விட்டுவிட்டார். மத்திய அமைச்சர் பதவி! வங்கி குமாஸ்தாக்களின் சம்பளத்துக்காக!

கதை அங்கே முடிந்திருந்தால் உனக்கு அவரையே முன்மாதிரியாகக் காட்டிவிட்டு விடைபெற்றிருப்பேன். ஆனால் 1974 மே மாதம் நாங்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவரும் அதே கிரிதான். ரயில்வே சங்கத்தைக் கட்டியவர் நாட்டின் முதல் குடிமகன். ரயில்வே தொழிலாளி சிறையில். அரசமைப்புச் சட்டப்படி அவரால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இருந்தும் எனக்கு ஆறவில்லை. நாற்காலி உயர உயர, அதில் இருப்பவரால் செய்ய முடிந்தது குறைந்துகொண்டே போகிறது என்பது என் எண்ணம். கவுன்சிலர் பதவி சின்ன நாற்காலி என்று அம்மா குறைப்பட்டாள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்பிள்ளைகள் நடந்து போகிற தெருவில் விளக்கு எரிகிறதா, பத்துப் பேர் தங்கும் வாடகை அறைகளுக்குத் தண்ணீர் வருகிறதா, பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சின்ன நாற்காலியின் கைக்கு எட்டும். சம்பளம் எட்டாது. அதை வாக்குறுதியாகக் கொடுத்துவிடாதே.

ஜார்ஜ் பெர்னாண்டஸும் 1989இல் ரயில்வே அமைச்சரானார். வேலைநிறுத்தம் செய்யவைத்தவரே முதலாளி! ஷாப்பில் அன்று மிட்டாய் கொடுத்தோம். கொங்கண் ரயில் பாதைக்கு வழி செய்தார், அது பெரிய வேலை. பின்னாளில் யாரோடு போய்ச் சேர்ந்தார், எதற்கெல்லாம் வக்காலத்து வாங்கினார் என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதை எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் தபாலில் சேராது.

பாப்பா உமாநாத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுத வேண்டும். அவர் நம் ஊர்க்காரர் என்பதால் மட்டும் இல்லை.

அவருடைய இயற்பெயர் தனலட்சுமி. அப்பா இல்லாத குழந்தையோடு காரைக்கால் பக்கத்திலிருந்து பொன்மலைக்கு வந்த அவருடைய அம்மா, ரயில்வே தொழிலாளர்களுக்குச் சாப்பாடு சமைத்துப் பிழைத்தார். சாப்பிட வந்த தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் பாப்பா. பன்னிரண்டு வயதிலேயே போராட்டத்துக்குப் போய்க் கைதானார். சிறுமி என்று விட்டுவிட்டார்கள். கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், 1950இல், தாயும் மகளும் சென்னையில் கைதாகிச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். தாய் லட்சுமி அந்த உண்ணாவிரதத்திலேயே இறந்துபோனார். கட்சியை விட்டு விலகுவதாகச் சொன்னால் உடலைப் பார்க்கலாம் என்றார்கள். பாப்பா விலகவில்லை. பார்க்கவும் இல்லை. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இதையெல்லாம் நீ கூட்டங்களில் கேட்டிருப்பாய். கூட்டத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள், கைதட்டல் வரும். நான் உன்னை யோசிக்கச் சொல்வது அதற்குப் பிறகு வந்த வருடங்களை. அவர் பக்கத்துத் திருவெறும்பூரில் சட்டமன்ற உறுப்பினரானது 1989இல். சிறைக்கும் சட்டமன்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வருடம். அந்த நாற்பது வருடமும் பதவிக்காகக் காத்திருந்தவர் அல்ல அவர். மாதர் சங்கம் கட்டினார், தெருத்தெருவாக நடந்தார், பிள்ளைகளை வளர்த்தார். கணவர் உமாநாத் அதற்கு வெகுகாலம் முன்பே, 1962இல், புதுக்கோட்டை எம்.பி. ஆகிவிட்டார். "எம்.பி. மனைவி" என்ற அடையாளத்தோடு நின்றுவிடாமல் தனக்கென்று ஒரு வேலையை வைத்திருந்தார் பாப்பா. பதவி வந்தபோது அந்த வேலையோடு இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது, பதவி போனபோது பழைய வேலை அப்படியே இருந்தது.

மனைவி என்றதும் மாப்பிள்ளை நினைவுக்கு வருகிறார். நல்ல மனிதர், எனக்குத் தெரியும். ஆனால் பாதி வார்டுகள் பெண்களுக்கு என்று வந்த பிறகு, ஊருக்கு ஊர் "கவுன்சிலர் வீட்டுக்காரர்" என்று ஒரு பதவி தானாக முளைத்திருக்கிறது. மனு வாங்குவது அவர், அதிகாரியிடம் பேசுவது அவர், காரில் கொடி அவருடையது. கையெழுத்து மட்டும் கவுன்சிலர் அம்மாவுடையது. மாப்பிள்ளையை அந்த நாற்காலி பக்கமே வரவிடாதே. நான் சொன்னதாகவே சொல். கோபித்துக்கொண்டால் தீபாவளிக்கு நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

பண விஷயம். சங்கப் பொதுநிதியிலிருந்து தேர்தலுக்கு ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே அரசியலுக்குத் தனி நிதி என்று பிரித்து வைத்தது. அந்த நிதிக்குப் பணம் தராத உறுப்பினரைச் சங்கத்தில் ஒதுக்கிவைக்கக் கூடாது என்றும் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றாலும் அந்த ஒரு பிரிவு நம்மைக் காப்பாற்றி வந்தது. உன் சங்கத்தில் வேறு கட்சிக்காரர்களும் மாதாமாதம் சந்தா தருகிறார்கள். அவர்கள் சந்தாவில் உன் சுவரொட்டி ஒட்டினால், நீ வென்றாலும் சங்கம் உடையும். தனி ரசீதுப் புத்தகம், தனி வங்கிக் கணக்கு. அம்மா தன் பங்குக்கு ஐயாயிரம் தரப்போகிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தருகிறாள், அதனால் ரசீதை அவள் பெயருக்கே அனுப்பு.

கடைசியாக ஒன்று. வென்றால் சங்கச் செயலாளர் பொறுப்பை விட்டுவிடு. இரண்டையும் பார்த்துக்கொள்வேன் என்பாய், முடியாது. காலையில் கேட் மீட்டிங்கில் பேசிவிட்டு மதியம் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்தால் இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் இருப்பாய். தவிர, நீ மன்றத்தில் தவறாகக் கை தூக்கினால் உன் எதிரே நின்று கேட்க ஒரு சங்கம் வேண்டும். அதன் செயலாளரும் நீயாகவே இருந்தால் யார் கேட்பது? உங்கள் கம்பெனி அசெம்பிளி பிரிவில் ஒரு பெண் நன்றாகப் பேசுகிறாள், உன்னையே மடக்குகிறாள் என்று போன முறை வந்தபோது கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாயே, அவளை இப்போதிலிருந்தே பேச்சுவார்த்தைகளுக்குக் கூட்டிப் போ. அவள் சம்மதித்தாளா என்பதைப் பதிலில் முதல் வரியில் எழுது.

அன்புடன்,
அப்பா