திருப்பணி நிறைவு: சபையாருக்குக் கமிட்டியின் கணக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

கோயில் பழுதுபார்க்கும் திருப்பணியை 3 மாதத்தில் முடித்துவிடுவோம் என்று ஆராதனை முடிவில் மைக்கைப் பிடித்துச் சொன்னவர்கள் நாங்கள்தான். 11 மாதம் ஆகிவிட்டது. அத்தனை ஞாயிறும் ஓலைப் பந்தலில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு கலியாணமே பந்தல் ஒழுக நடந்தது. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. தாமதம் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறோம், கணக்கு அப்புறம்.

2023 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போக வேண்டிய இரவில் மழை விடவே இல்லை. மறுநாள் தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று புகுந்தது. நம் கோயிலுக்குள் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. தண்ணீர் வடிந்துவிட்டது, சுவர்தான் காயவில்லை. கோடை வந்த பிறகும் பூச்சு உப்புப் பூத்து, பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

வெள்ளத்தை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவரின் மேல் சில வருஷங்களுக்கு முன் சிமெண்ட் பூசியிருந்தோம். சுவர் இழுத்த ஈரத்தைச் சிமெண்ட் வெளியே விடாது. அது செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். ‘சிமெண்ட்தான் உறுதி’ என்று அன்றைக்குக் கைதூக்கிய கமிட்டியில் எங்களில் 2 பேர் இருந்தோம். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மாள் 1785-ல் கட்டிய கோயிலும், மிஷனரி இரேனியஸ் ஐயர் காலத்தில் 1826-ல் பிரதிஷ்டையான ஊசிக்கோபுரக் கோயிலும் சிமெண்டே தெரியாத காலத்தவை. தினம் பஸ்ஸில் கடந்துபோயும் எங்களுக்கு உறைக்கவில்லை.

சரி, சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுவது என்று முடிவானது. அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதற்கே மாதங்கள் போயின. வந்தவர் பெரியவர், அதிகம் பேசமாட்டார். தொட்டி கட்டிச் சுண்ணாம்பை ஊறப்போட்டார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டு மணலோடு அரைக்கச் சொன்னார். கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். உடனே விழுந்தால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப அரைக்கச் சொல்வார். ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுவருக்குப் போகும். ஒரு பூச்சு பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, அது நிதானமாக இறுகின பிறகே அடுத்தது. அவசரப்படுத்திப் பார்த்தோம். “காத்துதான் இறுக்கணும் ஐயா, நான் இல்ல” என்றார். அதோடு விட்டுவிட்டோம். கருப்பட்டியில் கொஞ்சம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாய்க்குப் போனது கணக்கில் எழுதப்படவில்லை.

கூரையில் உடைந்த ஓடுகள் மாற்றியாயிற்று. சுவருக்குள் முனை இற்றுப்போன 2 தேக்கு உத்திரங்களையும் மாற்றியாயிற்று. வயரிங் புதுசு. வரவு செலவு முழுவதும் ரசீதுகளோடு வராந்தாவில் ஒட்டியிருக்கிறது. நின்று படியுங்கள், கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் சேர்த்த கைப்பிடி அரிசிக் காணிக்கை அதில் தனி வரியாக இருக்கிறது. கொடுத்தவர்கள் பெயர் எங்கும் பொறிக்கவில்லை, ஃபேன் இறக்கையில்கூட. சிலருக்கு வருத்தம் என்று தெரியும்.

இன்னொரு நன்றி பாக்கி. வெள்ளத்துக்கு மறுநாள் முழங்கால் சேற்றை நம்மோடு அள்ளியவர்களில் பாதிப் பேர் நம் சபையார் இல்லை. பின்தெருக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள், யார் என்றே தெரியாத சிலர். யோசித்தால், சபைக்கு வெளியே உள்ளவர்கள் நமக்கு உதவுவது புதிதும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஞாயிறுதோறும் கடக்கும் பாலம், 1843-ல் சுலோசன முதலியார் தன் கைக்காசு போட்டுக் கட்டியது. ‘பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்’ என்று வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசி எழுதியதை நாம் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறோம். ஆனால் பொது ஜெபத்தில் ஊருக்கு ஒரு வரிதான் கொடுத்துவந்தோம். இனி தெருத்தெருவாகப் பெயர் சொல்லி, ஆற்றையும் சேர்த்து ஜெபிப்பது என்று நம் போதகரான சேகரகுரு ஐயாவோடு பேசி முடிவுசெய்திருக்கிறோம்.

ஸ்தோத்திர ஆராதனை வருகிற ஞாயிறு காலை 8 மணிக்கு, கோயிலுக்குள்ளேயே. அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனம்; பின்தெருவில் வீடு வீடாகச் சொல்லியாயிற்று. வெள்ளத்தன்று யாரோ சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்த பெரிய அலுமினியப் பானை இன்னும் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில்தான் இருக்கிறது. விசாரித்தும் உரியவர் கிடைக்கவில்லை. அசனத்துக்கு ரசம் அதில்தான் வைக்கிறோம். அடையாளம் தெரிந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு எடுத்துப்போகலாம்.

திருப்பணிக் கமிட்டியார்