பழைய அணியின் ரசிகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

நம் பாவ்டக்கெட் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். செயற்குழு நான்கு முறை கூடியது. ஒருமுறை கோரம் இல்லாமல் கலைந்தது. கோடைக்கால விருந்து நடந்தது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி அணியின் வரலாற்று ஏடு. 'செயலாளர் வேறு வேலையே பார்ப்பதில்லை' என்று சிலர் சொன்னதாகக் காதில் விழுந்தது. உண்மைதான், பார்த்த வேலை இதுதான். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள நம் பாவ்டக்கெட் ஊரின் இந்த அணி 1970-இல் டபுள்-ஏ அணியாகத் தொடங்கி, 1973-இல் மைனர் லீக்கின் மேல்நிலையான டிரிபிள்-ஏ ஆகி, அதே ஆண்டில் இன்டர்நேஷனல் லீக் சாம்பியனுக்கான கவர்னர்ஸ் கோப்பையை வென்றது. 1976 சீசன் முடிந்தபோது கையில் காசில்லாமல் திவாலானது. ஜவுளி ஆலை நடத்தி ஓய்வுபெற்ற பென் மாண்டர் 1977-இல் வாங்கியிராவிட்டால் இந்த ஏடு ஏழு பக்கத்தில் முடிந்திருக்கும். டிக்கெட் விலையை ஏற்றாமல், குடும்பம் குடும்பமாக ஆட்களை வரவழைத்தே அவர் அணியை நிமிர்த்தினார்.

ஏட்டுக்காக ஓர் உறுப்பினர் தம் பழைய பிளாஸ்டிக் பால் கேனைக் கொடுத்தார். நம் அணி ஆடிய மக்காய் ஸ்டேடியத்தில் இருக்கைகள் ஆடுகளத்தைவிட உயரத்தில் இருந்ததால், கேனின் பக்கவாட்டில் ஓட்டை வெட்டி, பந்தையும் பேனாவையும் போட்டு, கயிற்றில் கட்டி வீரர்களிடம் இறக்குவோம். கையெழுத்தோடு மேலே வரும். இந்தக் கேனின் கைப்பிடியில் கயிற்று முடிச்சு இன்னும் இருக்கிறது. உள்ளே, எப்போதோ மூடி கழன்ற பேனாவின் நீலக்கறை. கழுவ வேண்டாம் என்று என் மனைவியிடம் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

சிக்கல் வந்தது 1981 அத்தியாயத்தில். ஏப்ரல் 18 இரவு ரோசெஸ்டர் ரெட் விங்ஸுடன் தொடங்கிய ஆட்டம், வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது, 32 இன்னிங்ஸ் ஆகியும் 2-2. குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு அதிகாலை 4:07-க்கு நிறுத்தினார்கள். ஜூன் 23-இல் தொடர்ந்தபோது, 18 நிமிடத்தில், 33-ஆவது இன்னிங்ஸில், டேவ் கோஸா அடித்த அடியில் நாம் வென்றோம். நம் பக்கம் வேட் போக்ஸ், எதிர்ப் பக்கம் கால் ரிப்கன். இருவரும் பிற்பாடு பேஸ்பாலின் புகழ் அரங்கமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். அதிகாலை வரை அரங்கில் இருந்த ரசிகர்கள் 19 பேர். நம் சங்கத்தில் மட்டும் 'நான் கடைசி வரை இருந்தேன்' என்று சொல்பவர்கள் முப்பதுக்கு மேல். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களால், ஹீட்டர் போட்ட அறையில் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு உட்கார முடியவில்லையே.

அணி 2019-இல் நம் ஊரில் கடைசியாக ஆடியது. 2020 சீசனைக் கொரோனா விழுங்கியது. 2021-இல் பக்கத்து மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டருக்குப் போய்விட்டது. மக்காய் இருந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி கட்டத் திட்டம். வூஸ்டருக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டிப்போய் ஆட்டம் பார்க்கிற உறுப்பினர்கள் சிலருக்கு, நம் கூட்ட அறை தூரமாம்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவைப் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. அது பொருளாளர் மேசையில் திறந்தே கிடக்கிறது. தேநீர் வழங்கியவர்களுக்கும் இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்று சொல்வதற்கில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அச்சகமோ முன்பணம் கேட்கிறது. யாரேனும் முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். அதுவரை, 1981 ஏப்ரல் இரவில் கடைசி வரை இருந்தவர்கள் தங்கள் நினைவுகளை எழுதித் தர வேண்டுகிறேன். படிவங்கள் வாசலில் உள்ளன. பத்தொன்பது மட்டுமே அச்சிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்