மிர்சாபூர் இயற்பியல் ஆசிரியர்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்போதுதான் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடிகிறது. பதில் தாமதமானதைப் பொறுத்தருளுங்கள். வகுப்பறையில் நின்று பழகியவர் அரசியலுக்குப் போனால் வகுப்பறையும் கூடவே போகுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் பா.ஜ.க.வின் ராஜ்நாத் சிங். அவருடைய கட்சியைப் பற்றி நாம் போட்ட பழைய சண்டைகளை மறுபடி தொடங்க இதை எழுதவில்லை. ஓர் இயற்பியல் ஆசிரியராக மட்டும் அவரைப் பார்க்க விரும்புகிறேன்.

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, அதே மாநிலத்து மிர்சாபூர் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தவர் அவர். நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையில் இருந்தபோது தாயார் காலமானார். இறுதிச் சடங்குக்குப் போகப் பரோல் கிடைக்கவில்லை. 1977-ல் அதே மிர்சாபூரிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றார்.

அவருக்குள் இருந்த ஆசிரியர் முழுமையாக வெளிப்பட்டது, கல்யாண் சிங் ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த 1992-ம் ஆண்டு நகல் எதிர்ப்புச் சட்டத்தில்தான். தேர்வில் பார்த்து எழுதுவது பிணையில் வர முடியாத குற்றம் ஆனது. உத்தரப் பிரதேசத்தில் அன்று அந்தப் பழக்கம் ஒரு தொழிலாகவே நடந்துகொண்டிருந்ததால், நடவடிக்கை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு துண்டுச் சீட்டுக்காகப் பள்ளிப் பிள்ளையைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போவதை எந்த ஆசிரியரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 15 சதவீதம்தான். நேர்மையாக எழுதினால் மாநிலத்தின் கல்வி நிலை இதுதான் என்று அந்த எண்ணே காட்டிவிட்டது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது பள்ளிகள்; சிறைக்குப் போனவர்கள் மாணவர்கள்.

1993 தேர்தலில் அவர் லக்னோவை அடுத்த மஹோனா தொகுதியில் தோற்றார். சட்டத்தை விலக்குவதாக வாக்களித்திருந்த முலாயம் சிங் யாதவ் ஆட்சிக்கு வந்து, சொன்னபடியே விலக்கினார். இன்னொருவராக இருந்தால் அத்துடன் கரும்பலகைக்கே திரும்பியிருப்பார். இவரோ மாநிலங்களவை, ஒன்றியத் தரைவழிப் போக்குவரத்து, உத்தரப் பிரதேச முதல்வர் பதவி, இரண்டு முறை கட்சித் தலைமை, 2014-ல் உள்துறை, 2019 முதல் பாதுகாப்புத் துறை என்று ஏறிக்கொண்டே போனார். அந்த ஏற்றத்தை நாளிதழில் தாங்களும் படித்திருப்பீர்கள்.

என்னை யோசிக்க வைத்தது 2024-ல் ஒன்றிய அரசு நிறைவேற்றிய பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம். வினாத்தாளைக் கசியவிடும் கும்பலுக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதமும் அதில் உண்டு. ஆனால் தேர்வு எழுதும் மாணவர்மேல் அது கைவைக்கவில்லை. பள்ளித் தேர்வுகளுக்கு அது பொருந்தாது என்பது உண்மைதான். இருந்தாலும், மிர்சாபூர் ஆசிரியர் மூத்த உறுப்பினராக இருக்கும் அமைச்சரவையே முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு கணக்குப் போட்டிருப்பதை நான் இரண்டு முறை படித்தேன்.

இதை எழுதும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாம் சேர்ந்து பணியாற்றிய கடைசிப் பொதுத் தேர்வில், மூன்றாவது வரிசையில் இருந்த பையன் பேனா மூடியைத் திறக்கக் கை நடுங்கினான். உள்ளே சுருட்டி வைத்திருந்த பிட்டில் லென்ஸ் சமன்பாடு இருந்தது; அதிலும் குறி தவறு. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எழுது என்று மட்டும் சொன்னேன். பறக்கும் படை வந்தபோதும் வாய் திறக்கவில்லை. அன்று முதன்மைக் கண்காணிப்பாளர் தாங்கள். தங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. தாங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

தங்கள் அன்பு நண்பன்