பென்னெட்டாவை மறந்துட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இத்தாலி டென்னிஸ்னாலே இப்ப சின்னர் சின்னர்னுதான் எழுதுறீங்க, நல்லா ஆடுற பையன்தான் இல்லேன்னு சொல்லல, ஆனா ஃப்ளாவியா பென்னெட்டாவைப் பத்தி ஒரு வரியாவது போடலாம்ல? 2009லயே ரேங்கிங்ல டாப் 10க்குள்ள வந்த முதல் இத்தாலிப் பொண்ணு அவங்கதான். 2012ல மணிக்கட்டுல ஆபரேஷன் ஆகி ரேங்கிங் சரிஞ்சு, அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு பலரும் நெனச்சிருப்பாங்க, 2014ல அமெரிக்காவுல நடக்குற இண்டியன் வெல்ஸ்ங்கிற பெரிய டோர்னமெண்ட்டை ஜெயிச்சுக் காட்டினாங்க. அடுத்த வருஷம் யூ.எஸ். ஓபன் ஃபைனல்ல எதிர்ல நின்னது யாருன்னா சின்ன வயசுலேர்ந்து பழகின தோழி ராபர்ட்டா வின்ச்சி, ரெண்டு பேருமே தெற்கு இத்தாலில பூலியா பக்கம் (இந்த வின்ச்சிதான் செமில செரீனாவையே தோற்கடிச்சவங்க, அது தனிக் கதை). 7-6, 6-2ன்னு ஜெயிச்சுட்டு, 33 வயசுல, பரிசளிப்பு மேடையிலயே ரிட்டயர் ஆகப்போறேன்னு மைக்ல சொல்லிட்டாங்க பாருங்க, அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? சின்னர் போட்டோ போடுறப்ப ஒரு ஓரமா இவங்க போட்டோவும் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு டென்னிஸ் ரசிகன்