பள்ளி வாசலில் எனர்ஜி டிரிங்க்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறவன் நான். போட்டி நாளில் மைதானத்துக்கு வெளியே இருக்கும் பெட்டிக்கடையில் எங்கள் பையன்கள் முதலில் கேட்பது தண்ணீர் பாட்டிலை அல்ல, 20 ரூபாய் எனர்ஜி டிரிங்க்கை. ஜில்லென்று இருக்கும் அந்தச் சிவப்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "இப்போ பாருங்க சார், ரெய்டு எப்படிப் போகுதுன்னு" என்பார்கள். பொதுத்தேர்வு நெருங்கினால் அதே பாட்டில் ராத்திரிப் படிப்புக்கும் துணையாகிவிடுகிறது. கேட்டால், தெம்பு வருகிறதாம்.

அந்தத் தெம்பு எதில் இருக்கிறது என்று பார்ப்போம். உடம்புக்கு உண்மையாகவே எரிசக்தி தருவது இதில் சர்க்கரை மட்டும்தான். 250 மில்லி கேன் சிலவற்றில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. கணக்குப் போட்டால் 108 கலோரி, ஏறக்குறைய ஒரு வாழைப்பழம் தருகிற அளவு. டாரின் என்று பெருமையாக அச்சிடுகிறார்களே, அதை நம் உடம்பே தயாரிக்கிறது. மீனிலும் கறியிலும் இருக்கிறது. டாரின் களைப்பைத் தள்ளிப்போடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து சொல்லிவிட்டது. பி வைட்டமின்கள், குறைபாடு உள்ளவருக்கு உதவும். ஒழுங்காகச் சாப்பிடுகிற பையனுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் பெரும்பாலும் சிறுநீரில்தான் போகும்.

மிச்சம் இருப்பது காஃபீன். அது வேலை செய்கிறது, அதை மறுப்பதற்கில்லை. பயிற்சி பெற்ற வீரர்களின் ஆட்டத் திறனை அது கூட்டுவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது? களைத்துவிட்டாய் என்று மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற பொருளின் வழியை அது மறித்துக்கொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது, தெரிவதில்லை, அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்த பையன் மறுநாள் காலையில் என்ன நிதானத்தோடு பரீட்சை எழுதுவான்?

காபியில் இல்லாத காஃபீனா என்று கேட்பவர்கள் உண்டு. காபியைச் சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக, பெரியவர்கள் கண்ணெதிரே குடிக்கிறோம். இதையோ வெயிலில் தாகத்துக்கு ஒரே மூச்சில், ஒன்றுக்கு இரண்டாகக் குடிக்கிறார்கள்.

உங்கள் விதிப்படி இந்தப் பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்கக் கூடாது என்றும் லேபிளில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த 500 மில்லியிலேயே 150 மில்லிகிராம் வரை வந்துவிடும். பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலையில்லை என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. எங்கள் அணியில் 35 கிலோ பையன் இருக்கிறான். அவனுக்கு 105 மில்லிகிராம்தான் எல்லை. காஃபீன் அந்த உச்ச அளவில் இருந்தால், இரண்டாவது 250 மில்லி பாட்டிலைப் பாதி குடிக்கும்போதே அதைத் தாண்டிவிடுவான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்போ 2011லேயே, பிள்ளைகளின் உணவில் இந்தப் பானங்களுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல என்ற எச்சரிக்கையும் பாட்டிலில் உண்டு. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பது உங்கள் விதி. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை அக்காவுக்கும் பையனின் அம்மாவுக்கும் இரண்டும் படிக்கத் தெரியாது. யாரை எச்சரிக்கிறீர்கள்?

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் விதி கொண்டுவந்தீர்கள். நல்ல விதி. நடைமுறையில் அதை நான் எங்கும் பார்க்கவில்லை. அப்படியே அமலானாலும் சர்க்கரை இல்லாத எனர்ஜி டிரிங்க்குகள் தப்பிவிடும், ஏனென்றால் அந்த விதி காஃபீனைப் பற்றிப் பேசவில்லை. லிதுவேனியா 2014இலேயே 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இவற்றை விற்கத் தடை போட்டது. போலந்து 2024 ஜனவரியிலிருந்து தடுத்திருக்கிறது.

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரிக்காத பானங்கள், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவு போட்டவர்கள் நீங்கள். அதே உறுதியோடு இதிலும் இறங்குங்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு விற்பதைத் தடை செய்யுங்கள். ஒரு பாட்டிலில் எத்தனை மில்லிகிராம் காஃபீன் என்பதையும், பிள்ளைகளுக்கு ஆகாது என்பதையும் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில், தமிழ்நாட்டில் விற்றால் தமிழில், போட வையுங்கள். மாநில ஆணையர் அவர்களே, 50 மீட்டர் விதியைச் செயல்படுத்த நீங்கள் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்திலேயே உங்கள் அலுவலர்களைப் பள்ளி வாசல் கடைகளுக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு கபடிப் பயிற்சியாளர்