மாப்பிள்ளை வாங்கப்போகும் வண்டி

கல்லிடைக்குறிச்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகந்தானே?

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, லோடு வண்டி வாங்கி ஓட்டப்போகிறோம் என்றாய். ஷோரூமில் ஒரு பெரிய பிக்கப்பைப் பார்த்தாகிவிட்டது, முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும் என்கிறார்கள் என்றும் சொன்னாய். நீங்கள் ஊருக்கு வருவதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் அம்மா அன்றைக்கு ராத்திரியே மச்சு அறையை ஒதுங்கவைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அந்த வண்டி எனக்கு ஒப்பவில்லை. மாப்பிள்ளையிடம் நேரே சொன்னால் மாமனார் குறுக்கே நிற்கிறார் என்று அவருக்குத் தோன்றும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். படித்துவிட்டுப் பக்குவமாக எடுத்துச் சொல்லு. கடிதத்தையே அவர் கையில் கொடுத்தாலும் சரி.

ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. என்ன சரக்கு ஏற்றப்போகிறார், அதை யார் தருவார்கள்? வண்டியின் நிறம் சொன்னாய், பாட்டுப் பெட்டி இருக்கிறது என்றாய், டியூ எவ்வளவு என்றாய். சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம்ம ஊரையே எடுத்துக்கொள். அப்பளக் கட்டு ஏற்றினால் வண்டி நிரம்பிவிடும், எடை ஏறியிருக்காது. அதற்கு இடம்தான் வேண்டும், மழை படாத மூடின பாடி வேண்டும். பத்தமடைப் பாயும் அப்படித்தான். சிமெண்டு நேர்மாறு. 50 கிலோ மூட்டை 15 ஏற்றினால் முக்கால் டன் குட்டியானைக்கு அளவு முடிந்துவிடும், பார்த்தால் பாதி வண்டி காலியாகக் கிடக்கும். ஆசைப்பட்டு இன்னும் பத்து மூட்டையைப் போடச் சொல்லுவார்கள். வாழைத்தாருக்கு மூடின பாடி ஆகவே ஆகாது, காற்று ஓடாமல் வெந்துவிடும். திறந்த பாடியில் சருகு பரப்பி, தாரைக் காயம்படாமல் அடுக்கி, ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் திருநெல்வேலியில் இறக்கியாக வேண்டும். பார்சல் டெலிவரி என்றால் அது இன்னொரு மாதிரி. எடை கிடையாது, ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது வாசலில் நின்று நின்று போக வேண்டும். டவுனுக்குள்ளே ரதவீதிச் சந்துகளில் பெரிய பிக்கப்பைத் திருப்ப முடியாது.

நான் 2007-இல் குட்டியானை வாங்கினது உனக்கு நினைவிருக்கும். டாடா ஏஸ் சந்தைக்கு வந்தே அப்போது இரண்டு வருஷம்தான். இரண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி. இது என்ன சரக்கு இழுக்கும் என்று ஸ்டாண்டில் எல்லாரும் கேட்டார்கள். முக்கால் டன்னை அது அலுங்காமல் கொண்டுபோனது. ஆறு வருஷம் நமக்குச் சோறு போட்ட வண்டி. நீ ஆறாம் வகுப்பிலிருந்தே ராத்திரி சாப்பிட்டதும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு எத்தனை டிரிப்பு, டீசல் எவ்வளவு" என்று கேட்டுக் கேட்டு எழுதுவாய். அந்த நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இனிமேல் எழுதப்போவதை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை. 2013-இல் குட்டியானையைக் கொடுத்துவிட்டு ஒரு பெரிய பிக்கப் எடுத்தேன் இல்லையா? வெள்ளை வண்டி, முன்னால் நீ சந்தனப்பொட்டு வைத்தாயே, அதுதான். 2015 ஆடியில் அதை விற்றுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். விற்கவில்லை அம்மா. சேரன்மகாதேவி ரோட்டில் வைத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

4,60,000 ரூபாய் கடன். மாதம் 13,400 வீதம் 48 மாதம். கூட்டிப் பார்த்தால் 6,43,200 வரும், எடுக்கும்போது நான் கூட்டிப் பார்க்கவில்லை. வண்டி ஒன்றரை டன்னுக்கு மேல் இழுத்தது, ஆனால் எனக்கு லோடு தந்த ஆட்கள் எல்லாம் முக்கால் டன் ஆட்கள். அவர்களுக்குப் பெரிய வண்டிக்கான வாடகை கொடுக்க மனசு வருமா? பழைய வாடகைக்கே ஓட்டினேன், டீசல் மட்டும் கூடக் குடித்தது. இங்கிருந்து திருநெல்வேலி போய்வர 70 கிலோமீட்டர். குட்டியானையில் ஐந்து லிட்டரில் முடித்ததற்குப் பிக்கப் ஆறரை லிட்டர் கேட்டது. ஆடி பிறந்தது, கல்யாணமும் கிடையாது, வீடு கட்டுகிறவர்களும் இல்லை. அதற்குள் மூன்று டியூ நின்றுபோயிருந்தது. அம்மாவின் வளையல் ஏற்கெனவே அடகில் இருந்தது. அன்றைக்கு வண்டியிலிருந்து தார்ப்பாயையும் கயிற்றையும் மட்டும் எடுத்துக்கொள்ளவிட்டார்கள். அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீரவநல்லூர் வரைக்கும் நடந்து வந்தேன். பஸ்ஸில் ஏற முகம் இல்லை. நீ அப்போது பதினொன்றாம் வகுப்பு. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் விற்றேன் என்று சொல்லிவிட்டேன். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன், அது நல்ல வண்டி. கடன் கொடுத்தவர்களையும் சொல்ல மாட்டேன். சரக்கு இல்லாத வண்டியை நான்தான் எடுத்தேன்.

சரி, அப்படியானால் மறுபடியும் குட்டியானையே எடுக்கச் சொல்லுவேன் என்று நினைப்பாய். அதுவும் இல்லை. நான் இந்த மூன்று நாளாக விசாரித்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் வாரம் நான்கு டிரிப்பு தருகிறேன் என்கிறார், ஒரு டிரிப்புக்கு 40 மூட்டை. இப்போதெல்லாம் 26 கிலோ மூட்டை. 25 கிலோ வரைக்கும் அடைத்து விற்கிற அரிசிக்கு 2022-இல் ஜி.எஸ்.டி. போட்டபிறகு ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டிவிட்டன. 40 மூட்டை என்றால் 1,040 கிலோ. முக்கால் டன் வண்டியில் 28 மூட்டைக்கு மேல் ஏற்றக்கூடாது. மீதி 12 மூட்டைக்கு இன்னொரு டிரிப்பு அடித்தால் டீசலே வாடகையைத் தின்றுவிடும். ஒன்றேகால் டன் தாங்குகிற, எட்டு அடிப் பாடி உள்ள, அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி ஒரு வண்டி இந்த வேலைக்கு அளவாக இருக்கும். முட்டி வலி வருகிற வரைக்கும் நான் அடுத்தவர் தோஸ்தில்தான் ஆக்டிங் ஓட்டினேன். 2011-இல் வந்த வண்டி என்பதால் பழசும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

அதே வண்டியில் விடியற்காலம் வாழைத்தார் போகலாம். அப்புறம் ரிட்டர்ன் லோடு. இதை மாப்பிள்ளை மறக்கவே கூடாது. திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் தாரை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் பாதி உழைப்பு ரோட்டில் போகிறது. வீரவநல்லூர் வரைக்கும் உள்ள பலசரக்குக் கடைகளில் நான்கைந்து பேரைப் பிடித்து வைத்தால், டவுனில் அவர்கள் வாங்குகிற சரக்கைத் திரும்பும்போது ஏற்றி வரலாம். எனக்குத் தெரிந்த கடைகள் உண்டு, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

பாடியை ஆறேழு அடி உயரத்துக்கு மூடின பெட்டியாகக் கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், நாகர்கோவில் பக்கம் லோடு உண்டா என்று முதலில் கேட்கச் சொல்லு. ஆனி ஆடியில் பணகுடியைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். அந்த இடத்தில் காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை. காலிப் பெட்டியோடு போனால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தும் வண்டி அடுத்த தடத்துக்கு நகரும். நான் ஒருதடவை முப்பதில் உருட்டிக்கொண்டே பைய வந்து சேர்ந்தேன்.

புதுசா பழசா என்றால், மூன்று நான்கு வருஷம் ஓடின வண்டிதான் என் எண்ணம். புதுசின் டியூவைத் தாங்குகிற அளவுக்கு இன்னும் சரக்கு உறுதியாகவில்லை. ஆனால் பழசு பார்க்க ஒரு கண் வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள்ளே வந்ததே, அந்த வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் முங்கிக் கிடந்தன. அவற்றில் சிலது கழுவிப் பெயிண்ட் அடித்துச் சந்தைக்கு வந்திருக்கிறது. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்காகப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. டிரைவர் சீட்டைக் கழற்றி, அடியில் சீட்டு நகர்கிற தண்டவாளத்தில் விரலைவிட்டுப் பார்த்தேன். நகத்தில் நைசான வண்டல் வந்தது, ஆற்றங்கரை மண்ணேதான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் கறை. ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு. ஒன்றும் பேசாமல் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடற்கரைப் பக்கத்து வண்டி என்றால் பாடியின் தளத்தையும் பார்க்க வேண்டும். மீன் பெட்டி ஏற்றின வண்டியில் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தகரத்தை அடியிலிருந்து தின்றிருக்கும். மேலே புதுத் தகடு அடித்து மறைத்திருப்பார்கள், குனிந்து கீழே பார்த்தால்தான் தெரியும். காலையில் வெள்ளென, இன்ஜின் சூடாகாத நேரத்தில் போய் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நாம் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் மறுநாள் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். எடையைத் தாங்குகிற பின்பக்கக் கமான் பட்டைகளை எண்ணிப் பார்க்கணும். கூடுதல் பட்டை செருகியிருந்தால் அது ஓவர்லோடு அடித்த வண்டி. ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதை நீக்கிக் கொடுத்த பிறகுதான் முழுப்பணம். எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, நிலுவை அபராதம் எல்லாவற்றையும் நான் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையின் கார் லைசென்ஸ் போதுமா என்று கேட்டாய். போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பெர்மிட் விஷயம் வேறு. வண்டியும் சரக்கும் சேர்த்து 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. பெரிய பிக்கப்களில் சிலது அந்த எல்லையைத் தாண்டிவிடும், ஆர்.சி.யில் மொத்த எடையைப் பார்த்துக்கொள்ளணும்.

ஓவர்லோடு மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போது பிடித்தால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. காசை விடு, கல்லு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது பிரேக் அடித்தும் நிற்காத வண்டியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பயம் மாப்பிள்ளைக்கு வரக்கூடாது. இன்னொன்று, கோயில் கொடைக்கும் கிடாவெட்டுக்கும் சொந்தக்காரர்களே வந்து, "பின்னாடி பத்துப் பேரு ஏறிக்கிடுதோம்" என்பார்கள். எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சரக்கு வண்டியில் பின்னால் ஏறின ஆளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நான் பேசிக்கொள்கிறேன்.

உனக்கும் ஒரு வேலை உண்டு. டிரிப்புக்கு 50 ரூபாய் டயருக்கு என்று தனியே போடணும். அம்மா அடுப்படிப் பரணில் ஒரு மண் உண்டியல் வைத்திருந்தாளே, அதே மாதிரி. நான்கு டயரும் ஒரே நேரத்தில் தேய்ந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும். மூன்று மாத டியூவை முதலிலேயே பேங்கில் போட்டுவிட்டு, அதைத் தொடாமல் ஓட்டணும். அதற்கு என்னிடம் இருப்பதைத் தருகிறேன், மறுக்காதே. கணக்கு நோட்டை நீயே வைத்துக்கொள். உன் கையெழுத்தில் இருந்த வருஷங்களில் எனக்கு ஒரு டியூகூட நின்றதில்லை. நீ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கப் போனதும் நான் எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஷோரூமில் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் உடனே போன் பண்ணு. புதன்கிழமை ஆலைக்காரரைப் பார்த்து, வாரம் நான்கு டிரிப்பு என்பதை வாடகையோடு பேசி முடித்துவிட்டு வருகிறேன். மாப்பிள்ளையைச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வரச் சொல்லு. நான் ஆக்டிங் ஓட்டின தோஸ்து வண்டிக்காரர் ஒரு வாரம் தன் வண்டியைத் தருகிறேன் என்றிருக்கிறார். 40 மூட்டையை ஏற்றி, மாப்பிள்ளையையே திருநெல்வேலி வரைக்கும் ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். அவர் உயரமான ஆள், முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா, இடுப்பு தாங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

பேரனுக்கு அம்மா அதிரசம் சுட்டு வைக்கிறாளாம். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லு. எவ்வளவு ராத்திரியானாலும் புது பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா